ஐஸ் தண்ணீரில் பிசைந்த மாவு

ஓடு உடையும் சத்தம் முதலில் கேட்டது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. என் கணவர் சந்தியாகு கரண்டி முனையால் மேலோட்டை லேசாகத் தட்டினார், அது விரிசல் விட்டது, உள்ளேயிருந்து மிளகும் மீனும் கலந்த ஆவி எழுந்தது. ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லாக்கீது மேரி.”

மூன்று மாதமாக அந்த மனிதர் தட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் போட்டதை இரண்டு வாய் தின்றுவிட்டு ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டை தோளில் தொங்கியது. “சாப்பிடலன்னா மாத்திரை மட்டும் வெச்சு நான் இன்னாம்மா பண்றது?” என்று பொன்னேரி டாக்டர் என்னிடம் கையை விரித்திருந்தார். அப்படிப்பட்டவர் அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டார்.

நான் பின்கட்டுக்குப் போய், தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இந்த வாரம் எழுதப்போவது, அப்படி நினைத்த என் மடத்தனத்தைப் பற்றித்தான்.

மூடி ரொட்டி

கல்யாணமாகி எட்டாவது வருடம் நான் குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனதை முன்பே எழுதியிருக்கிறேன். என்னோடு அந்தச் சமையலறையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள். அவள்தான் எனக்குப் பை செய்யக் கற்றுக்கொடுத்தாள். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயை உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துச் சேர்த்து, தேய்த்துத் தட்டில் விரித்து, உள்ளே கறியோ மீனோ வைத்து, மேலே இன்னொரு தேய்த்த மாவால் மூடி ஓவனில் வைப்பது.

மாவைத் தொடுவதற்கு முன் என் இரண்டு கைகளையும் பிடித்து ஐஸ் தண்ணீருக்குள் அமுக்குவாள். என் கை சூட்டுக் கையாம், வெண்ணெய் உருகிவிடுமாம். எனக்குக் கோபம் வரும். மீன் அலசி அலசிக் காய்த்த கையை ஒருத்தி குறை சொன்னால் வராதா?

ஊருக்குத் திரும்பியபோது சின்ன கரண்ட் ஓவன் ஒன்றையும் கட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் குப்பத்தில் பை என்றால் மீன் வாங்கப் போகும் பைதான். அதனால் இவர் அதற்கு மூடி ரொட்டி என்று பெயர் வைத்தார். முதல் தடவை தின்றபோது, “இன்னாடி இது, ரொட்டிக்குள்ள கொழம்ப ஊத்தி ஒளிச்சு வெச்சிக்கிற?” என்று சிரித்தார். பிறகு அதை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, கோயில் திருவிழாவுக்கும் ஆனது, அப்புறம் ஞாயிறு தவறாமல் ஆனது. திங்கட்கிழமை காலையில் மிச்சத்தைப் பேப்பரில் சுற்றிப் படகுக்கு எடுத்துப் போவார்.

ஒரு ரொட்டிக்கு ஒரு முழு வெண்ணெய்க் கட்டி. வெண்ணெய் கிடைக்காத நாளில் டால்டா. அந்த ஓடு கையில் பட்டாலே உதிரும். ஊரில் யாரும் செய்யாததை நான் செய்கிறேன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டர் எடுத்துக்கொண்டது

ஏரி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், வலை இழுக்கும்போது இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவன் அவர் தம்பி அந்தோணி. படகைத் திருப்பி, கரைக்கு வந்து, ஆட்டோ பிடித்து, பொன்னேரி போய், அங்கிருந்து சென்னைக்கு அனுப்பி, நரம்புக்குள் குழாய் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

சென்னை டாக்டர் வயதில் சின்னவர். அமைதியாகப் பேசினார். அடைப்பை எடுத்துவிட்டோம், ஆனால் இதயம் சோர்ந்துபோயிருக்கிறது, முன்புபோல வேகமாகத் தள்ளாது என்றார். வெண்ணெய், டால்டா கூடவே கூடாது, எண்ணெய் சொட்டுக் கணக்கு. உப்பை மறந்துவிட வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது.

“வீட்ல வழக்கமா இன்னா சாப்பிடுவீங்க?” என்று அவர் கேட்டபோது இவர் கட்டிலில் படுத்தபடியே பெருமையாகச் சொன்னார். “எங்க வீட்டம்மா மூடி ரொட்டி செய்யும் சார். ஃபுல்லா வெண்ண. மெட்ராஸ்ல கூட அப்டி கெடைக்காது.”

டாக்டர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அந்தப் பார்வைக்குத் திட்டியிருக்கலாம். புருஷனுக்கு ஆசை ஆசையாய் ஊட்டி நானே அவர் நெஞ்சை அடைத்துவிட்டேன் என்ற எண்ணம் அன்று எனக்குள் உட்கார்ந்தது. இன்றுவரை அது முழுசாக எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே மாதா கோயிலுக்குப் போனேன். இவர் எழுந்து மறுபடி படகில் ஏறும் வரை மூடி ரொட்டியில் ஒரு துணுக்குகூட என் வாயில் படாது என்று நேர்ந்துகொண்டேன். எனக்கும் அது உயிர் என்பது மாதாவுக்குத் தெரியும்.

அந்த நேர்ச்சைதான் பிறகு எங்களைக் கவிழ்த்தது.

சப்பாத்திக் கை

உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத ரசம், வேகவைத்த மீன். இவர் தின்னவில்லை. இளைத்துக்கொண்டே போனார். என் மகள் ஜெனி சென்னையில் வேலை பார்க்கிறாள். போனில் அவளிடம் அழுதேன்.

“நைனாவுக்குப் புடிச்சத வேற மாதிரி செய்யேன்மா,” என்றாள். “வெண்ண இல்லாம எண்ணையும் தயிரும் வெச்சுப் பண்றாங்க. கோதும மாவு பாதி கலக்கலாம். கீழ ஓடு எதுக்கு? மேல மட்டும் மூடு. பாதி எண்ண மிச்சம்.”

அது எனக்குப் பிடித்திருந்தது. அடியில் ஓடு இல்லாமல், மண்சட்டியில் கிழங்கான் மீனை முள் எடுத்து, வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகு, எலுமிச்சை சேர்த்து வைத்து, மேலே மெல்லிசாக ஒரே ஒரு மூடி. கேட்க எளிதாக இருந்தது.

முதல் தடவை பலகை வந்தது. உண்மையிலேயே பலகை. கோதுமை மாவைப் பார்த்ததும் என் கை சப்பாத்திக்குப் பிசைவதுபோல அமுக்கிப் பிசைந்துவிட்டது. இவர் கரண்டியால் தட்டினார், சத்தம் கேட்டது, உடையவில்லை. இரண்டாம் தடவை எண்ணெய் குறைந்து ரப்பர்போல இழுத்தது. மூன்றாம் தடவை தயிர் அதிகமாகி, ஓடு குழம்புக்குள் இறங்கிக் கூழாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இவர் இரண்டு வாய் தின்றார், தட்டை நகர்த்தினார். நன்றாக இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தபோது பிலிப்பைன்ஸ்காரி ஞாபகம் வந்தாள். சூடு. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, எண்ணெய் மாவோடு ஒட்டிப் பசையாகிவிடுகிறது. கொழுப்பு குறையக் குறைய குளிர்ச்சி கூட வேண்டும். எண்ணெயும் தயிரும் தண்ணீரும் ஐஸாக இருக்க வேண்டும், கை படாமல் முள்கரண்டியால் சேர்க்க வேண்டும், சேர்ந்ததும் விட்டுவிட வேண்டும்.

எங்கள் ஃபிரிட்ஜை உப்புக்காற்று தின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. மெக்கானிக் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் மீன்பிடிக்கிற ஊரில் ஐஸுக்கா பஞ்சம்?

அந்தோணியின் பெட்டி

அண்ணன் படுத்த பிறகு தொழிலை அந்தோணிதான் பார்த்தான். இறால் பிடித்துக் கொண்டுவந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கிச் சென்னை வேனுக்கு ஏற்றுவான். ஐஸ் பாளத்தைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடிக்கிற சத்தம் எங்கள் வாசல் வரை கேட்கும்.

நான் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். “அந்தோணி, எறா வெக்காத ஐஸா ஒரு தூக்கு குடு.”

“இன்னா அண்ணி, ஜூஸா?”

“ரொட்டிக்கு.”

சிரித்துவிட்டு, இறால் அடுக்காத பெட்டியிலிருந்து அள்ளிப் போட்டான். படிக்கிற உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அது குடிக்கிற ஐஸ் இல்லைதான். ஓவனில் வேகப்போகிற மாவுக்குத்தானே என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த ஐஸ் விரலை வெடுக்கென்று கடித்தது. ஐஸ் நல்ல ஐஸ் என்று நினைத்துக்கொண்டேன். அது உருகிய தண்ணீரைத் தெளித்து மாவைச் சேர்த்து, ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் வைத்தேன். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். மாவு அன்று என் பேச்சைக் கேட்டது.

அன்றுதான் அவர் “நல்லாக்கீது” என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் திருவிழா. ஞாயிறு மட்டுமல்ல, வாரத்துக்கு நாலு நாள் மூடி ரொட்டி. தேநீருக்கு வெறும் மேலோட்டை மட்டும் சுட்டுத் தரச் சொல்லிக் கேட்டார், அதையும் செய்தேன். ஜெனிக்குப் போன் போட்டு, “எண்ண நாலே ஸ்பூன்டி, உப்பு ஒரு கல்லு இல்ல, உங்க நைனா எப்டி துன்றாரு பாரு” என்று பீற்றிக்கொண்டேன். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் செய்முறை சொன்னேன். இவர் முகத்தில் சதை பிடித்ததுபோலத் தெரிந்தது. எடை ஏறியது. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

விரல் குழி

ஆறு வாரம் போயிருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். தலைக்கு இரண்டு தலையணை கேட்டார், பிறகு மூன்று. செருப்பு காலில் நுழையவில்லை. பொன்னேரி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் வேட்டியைச் சற்றுத் தூக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது.

மீன் வாங்குகிறவர்கள் முதலில் செய்வது அதைத்தான். விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். சதை எழும்பினால் புது மீன். குழி நின்றால் கூடையை நகர்த்திவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் குழந்தைக்கும் இது தெரியும். அந்தக் குழியை நானும் பார்த்தேன், இவரும் பார்த்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“ஏறினது சதை இல்லம்மா, தண்ணி,” என்றார் டாக்டர். “உப்பு எங்கேர்ந்து வருது?”

“சத்தியமா இல்ல சார். மாதா மேல ஆணையா, என் வீட்ல உப்பு ஜாடியே இல்ல.”

“அப்போ வெளிய சாப்பிடறாரா?”

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறார் என்று முடிவு கட்டினேன். எல்லார் முன்னாலும் திட்டினேன். “சாவணும்னு இருந்தா சொல்லிட்டு சாவுங்க, நான் ஏன் இப்டி அடுப்புல வேவணும்?” என்றேன். ஆஸ்பத்திரியில், அந்த நிலையில் இருப்பவரிடம் அப்படிச் சொன்னேன். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு துண்டு

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பசி. முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்கவில்லை. அடுக்களையில் எவர்சில்வர் டப்பா இருந்தது, அதற்குள் தேநீருக்குச் சுட்ட வெறும் ஓடு. நேர்ச்சை என்னவோ அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. கை தானாகப் போனது, ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டேன்.

கரித்தது.

நாக்கில் ஏதோ கோளாறு என்று இன்னொரு துண்டைப் போட்டேன். உப்பு. தாராளமான உப்பு. மாவு டப்பாவைத் திறந்து நக்கினேன். மாவில் இல்லை. எண்ணெயைத் தொட்டேன். இல்லை. மேடையில் தூக்கு இருந்தது, அதன் அடியில் ஐஸ் உருகிய தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

கடல்.

தூக்கோடு ஓடினேன். அந்தோணி கரையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் திறந்த சாக்கு ஒன்று இருந்தது. அவன் அதிலிருந்து கல்லுப்பைக் கைநிறைய அள்ளி நொறுக்கிய ஐஸ் மேல் தூவிக் கிளறுவதை என் கண்ணால் பார்த்தேன்.

“எத்தினி நாளா இப்டி போட்ற?”

“அண்ணன் படுத்ததுலேர்ந்து அண்ணி. வேன் லேட்டா வருது. உப்பு போட்டாதான் ஐஸ் இன்னும் ஜில்லுனு இக்குது.” குரலைத் தாழ்த்தினான். “அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க. வுடாது அது.”

விடமாட்டார்தான். அத்தனை வருடத் தொழிலில் எங்கள் பெட்டியில் ஒரு நாளும் உப்பு விழுந்ததில்லை. உப்பு பட்டால் இறாலின் மினுமினுப்புப் போய்விடும் என்பார். அந்த நம்பிக்கையில்தான் நான் தூக்கை நீட்டினேன். அந்த ஐஸ் ஏன் அப்படிக் கடித்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ரொட்டியைச் சுற்றிக் குளிர வைக்கத்தான் ஐஸ் கேட்கிறேன் என்று அவன் நினைத்திருக்கிறான். அது உருகி மாவுக்குள்ளேயே போனது என்று சொன்னதும், அந்தோணி அந்த உப்புச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? ஆறு வாரம் என் கையால் நானே ஊட்டியிருக்கிறேன்.

முதல் வாய்

பஸ்ஸில் பொன்னேரி போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். முதலில் டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரிஞ்சுதே, அது போதும்,” என்றார்.

பிறகு கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். சிறுநீர் பிரிய மருந்து கொடுத்து வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அந்தோணி ஐஸுல உப்பு போட்றான்,” என்றேன்.

“தெரியும்.”

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? மொத வாய்லயே தெரிஞ்சிச்சு. இன்னாடா, நம்ப பொட்டில உப்பு வுழுதேன்னு.”

“தெரிஞ்சுமா துன்னீங்க? ஆறு வாரமா?”

அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“உப்புக்குதான்னு வெச்சிக்க. நாக்கு செத்துப் போயிருந்திச்சு. பொய் சொல்லல. அப்புறம், நீ பின்னால போய் அழுத. நான் பாத்தேன். வந்து சிரிச்ச. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீ என்னப் பாக்கும்போதெல்லாம் தப்பு பண்ணவ மாதிரியே பாத்துகினு இருந்த. அன்னிக்குதான் அது போச்சு. அத எப்டி மேரி நான் கெடுக்கறது?”

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் நெஞ்சில் தலை வைத்து அழ வேண்டும்போலவும் இருந்தது. குழாய் இருந்ததால் இரண்டும் முடியவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நான் சிரிக்கிறதுக்காக நீங்க செத்துட்டா, அப்புறம் நான் யாரப் பாத்து சிரிக்கிறது?” என்று மட்டும் கேட்டேன்.

“தம்பிய திட்டாத,” என்றார். “வேன் லேட்டா வந்தா அவன் இன்னா பண்ணுவான்.”

அப்போது ஒரு ஒப்பந்தம் போட்டோம். என் சமையல் எப்படி இருக்கிறதோ அப்படியே அவர் சொல்ல வேண்டும். நான் அழுவேன், முகம் தொங்கிப்போகும் என்றெல்லாம் பார்க்கக் கூடாது. பதிலுக்கு, அவர் தின்பதைத்தான் நானும் தின்பேன், அதே சட்டியிலிருந்து, அதே உப்பில்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் மாதா கோயிலுக்குப் போய் நேர்ச்சையை முறித்ததைச் சொன்னேன். ருசி பார்க்காமல் சமைத்தது என் தப்பு, இனிமேல் பார்ப்பேன் என்றேன். மாதாவும் ஒரு வீட்டில் சமைத்தவள்தானே. புரிந்துகொண்டிருப்பாள்.

இந்த ஞாயிறு

ஃபிரிட்ஜை வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டுச் சரி செய்ய வைத்தேன். குடிதண்ணீரில் என் கண்முன் உறைந்த ஐஸ்தான் இப்போது மாவுக்கு. பாதி மைதா, பாதி கோதுமை. நாலு ஸ்பூன் எண்ணெய், துணியில் கட்டி நீர் வடித்த தயிர் இரண்டு ஸ்பூன். உப்புக்குப் பதிலாக வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும், கொஞ்சம் எள்ளும். தேய்க்கும்போது வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிற அளவு மெல்லிசு. ஓவனில் பொன்னிறமாக வருகிறது. தட்டினால் உடைகிறது.

ஆனால் உப்பில்லை. எவ்வளவு சீரகம் போட்டாலும் உப்பில்லைதான். நானே தின்கிறேனே, எனக்குத் தெரியாதா?

முதல் ஞாயிறு கேட்டேன். “எப்டிக்கீது?”

“நல்லால்ல,” என்றார். தட்டை நகர்த்தவில்லை. முழுவதும் தின்றார்.

அடுத்த ஞாயிறும் நல்லால்ல. அதற்கடுத்த ஞாயிறும் நல்லால்ல, ஆனால் எலுமிச்சை கூடப் பிழியச் சொன்னார். ஒரு நாள் நானே ஒரு வாய் தின்றுவிட்டு, “கண்றாவியா இல்ல?” என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். நல்லால்ல என்ற வார்த்தைக்கு ஒரு பெண்பிள்ளை இப்படிச் சந்தோஷப்படுவாள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

படகில் இன்னும் ஏறவில்லை. ஏறுவாரா என்று தெரியாது. காலையில் கரைவரை நடந்துபோய், அந்தோணி பெட்டி அடுக்குவதைக் குத்தம் சொல்லிவிட்டு வருகிறார்.

இந்த ஞாயிறு வழக்கம்போல ஓட்டைத் தட்டி உடைத்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“நல்லாக்கீது மேரி.”

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து வேட்டியை விலக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மனதுக்குள் பத்துவரை எண்ணினேன். விரலை எடுத்தேன்.

சதை எழும்பி வந்தது. குழி இல்லை. இன்னொரு காலையும் அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

“எழுந்து சாப்புடு,” என்றார் மேலேயிருந்து. “ஆறிப் போவுது.”